செர்ஃபௌஸ்–ஃபிஸ்–லாடிஸ்: பிள்ளைகளோடு திரும்பத் திரும்பப் போகிறவர்கள் சொல்வது

ஒஸ்திரியாவின் திரோல் மாநிலத்தில் இருக்கும் இந்த ஸ்கீ (பனிச்சறுக்கு) இடத்தைப் பற்றிப் போய்வந்த குடும்பங்களிடம் கேட்டால் இரண்டு பதில்கள்தான் வரும். ‘சின்னப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது’ என்பார்கள் சிலர். ‘தொட்டதற்கெல்லாம் வரிசை, காசு தண்ணீராய்ப் போகுது’ என்பார்கள் மற்றவர்கள். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. முதலாமவர் ஜனவரி நடுவில் போயிருப்பார், மற்றவர் பெப்ரவரிப் பள்ளி விடுமுறையில் போயிருப்பார். எந்தக் கிழமை (வாரம்) போவது, எந்தத் தெருவில் தங்குவது, காலையில் எத்தனை மணிக்கு வெளிக்கிடுவது என்ற மூன்றும் சரியாக அமைந்தால் குறைகளில் பெரும்பங்கு காணாமல் போய்விடும்.

இன் ஆற்றின் மேற்பள்ளத்தாக்குக்கு மேலே, வெயில் விழும் ஒரு மேட்டில் மூன்று ஊர்கள் இருக்கின்றன. செர்ஃபௌஸும் ஃபிஸ்ஸும் 1,430 மீட்டர் அளவில், லாடிஸ் 1,200 மீட்டர் அளவில். ஸ்கீப் பாதைகள் 200 கிலோமீட்டருக்கு மேல், ஏறக்குறைய 2,800 மீட்டர் உயரம் வரை போகின்றன. சூரிச்சிலிருந்து ரயிலில் லாண்டெக்–ட்ஸாம்ஸ் நிலையம் வரை இரண்டரை மணி நேரம் அளவில் பிடிக்கும். அங்கிருந்து பேருந்து. காரில் வருகிறவர்கள் ஒஸ்திரிய நெடுஞ்சாலைக் கட்டண வில்லையோடு ஆர்ல்பெர்க் சுரங்கத்துக்குத் தனிக் கட்டணமும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை பனி, உறைவு உள்ள வீதியில் குளிர்கால டயர் கட்டாயம். டயரின் பள்ளம் 4 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் அதைக் குளிர்கால டயராகவே எடுக்க மாட்டார்கள்.

செர்ஃபௌஸுக்குள் கார் ஓட்டம் கிடையாது. தங்க வருகிறவர்கள் சாமான் இறக்க வீடு வரை போகலாம். அதன்பிறகு கிளம்பும் நாள் வரை கார் நின்ற இடத்திலேயே நிற்கும். அன்றைக்கு மட்டும் வருகிறவர்கள் ஊர் எல்லைத் தரிப்பிடத்தில் விட்டுவிட்டு நிலக்கீழ் ரயிலில் வர வேண்டும். இவ்வளவு சின்ன மலைக் கிராமத்துக்கு நிலக்கீழ் ரயிலா என்று கேட்காதவர்கள் குறைவு. 1985இல் திறந்தது. நீளம் 1,280 மீட்டர், நாலே நாலு நிலையம், கட்டணம் இல்லை. தண்டவாளத்தில் உருளும் வண்டி அல்ல அது. காற்று மெத்தையில் மிதக்கிறது, கம்பி வடம் இழுக்கிறது. பிள்ளைகளுக்கு அதுவே ஒரு விளையாட்டு. ஆனால் காலை 9 மணிக்கும் 9.45க்கும் இடையில், தோளில் ஸ்கீயும் கையில் பிள்ளையுமாக ஊரே அதற்குள் ஏறப் பார்க்கும். நடு நிலையங்களில் நிற்கிறவர்கள் இரண்டு வண்டிகளை விட்டு மூன்றாவதில் ஏறுவது விடுமுறைக் கிழமைகளில் சாதாரணம். 8.30க்குப் போனால் இருக்கையே கிடைக்கும்.

இந்த நெரிசலின் காரணம் விளங்கினால் மற்ற எல்லாம் விளங்கும். செர்ஃபௌஸில் பழகுநர் பகுதி ஊருக்குள் இல்லை. கிண்டர்ஷ்னீஆல்ம் என்ற சிறுவர் பனிவெளி 1,980 மீட்டரில், கொண்டோலா என்ற மூடிய கம்பிவடப் பெட்டி மலையேறும் வழியில், கொம்பர்டெல் நடுநிலையத்தில் இருக்கிறது. அந்த உயரத்தால் டிசம்பரிலும் ஏப்ரலிலும் பனி நம்பிக்கையாக இருக்கும். கீழே புல் தெரிகிற நாளிலும் மேலே மூன்று வயதுப் பிள்ளை வெள்ளைத் தரையில் சறுக்கலாம். அதற்கான விலை, ஸ்கீ தெரியாத ஒவ்வொரு பிள்ளையும், கூட வரும் ஒவ்வொரு பெற்றோரும் கொண்டோலாவில் ஏறித்தான் போக வேண்டும், அதிலேயே இறங்கவும் வேண்டும். 10 மணி வகுப்புக்கு எல்லோரும் ஒன்றாக ஏறுகிறார்கள், பின்னேரம் வகுப்பு விட்டதும் ஒன்றாக இறங்குகிறார்கள். வகுப்பு முடிந்ததும் கீழே ஓடாமல் மேலேயே அரை மணி நேரம் கோப்பிக் கடையில் இருந்துவிட்டு இறங்குவது பழையவர்களின் வழக்கம்.

பனிவெளி உண்மையிலேயே நன்றாகத் திட்டமிட்டது. மந்திரக் கம்பளம் என்று பிள்ளைகள் சொல்லும் நகரும் பட்டிகள், அவற்றுக்குப் பக்கத்தில் மிகமிகச் சின்னச் சரிவு, அடுத்தது கொஞ்சம் கூடிய சரிவு என்று படிப்படியாக அமைத்திருக்கிறார்கள். வேகமாக ஓடுகிறவர்கள் ஊடறுத்துப் போக வழியில்லை. மூர்ம்லி என்ற மலை அணில் உருவம் செர்ஃபௌஸின் சின்னம், பெர்த்தா என்ற பசு ஃபிஸ்ஸின் சின்னம். ஃபிஸ்ஸிலும் பெர்த்தாவின் பேரில் இதே மாதிரிச் சிறுவர் பகுதி உண்டு. ஸ்கீ ஓடும் வயது வராத குழந்தைகளுக்குக் காப்பகம் இருக்கிறது, ஆனால் பெப்ரவரிக்கு இலையுதிர் காலத்திலேயே பதிய வேண்டும். பதியாமல் போய் அந்தரப்பட்டவர்களின் புலம்பல் ஒவ்வொரு வருடமும் கேட்கும்.

ஸ்கீப் பள்ளி வகுப்புகள் ஞாயிறு அல்லது திங்களில் தொடங்கும். முதல் நாள் ஒரு காலில் மட்டும் ஸ்கீ மாட்டி நடப்பது, பக்கவாட்டில் ஏறுவது, விழுந்து எழும்புவது. அடுத்தது ‘பீட்சா’, அதாவது ஸ்கீ முனைகளைச் சேர்த்து வால்களை விரித்து முக்கோணமாக நிற்பது. நிறுத்தமும் வேகக் குறைப்பும் எல்லாம் இதில்தான். மூன்றாம் நாள் பெரும்பாலான பிள்ளைகள் அழுவார்கள். தொடைத் தசை நொந்திருக்கும், புதுமையும் தீர்ந்திருக்கும். அன்றைக்குப் பயந்து வகுப்பை நிறுத்துகிற பெற்றோர்தான் பிறகு ‘என் பிள்ளைக்கு ஸ்கீ ஒத்துவரவில்லை’ என்பவர்கள். அரை நாளோடு கூட்டிக்கொண்டு போய், பின்னேரம் சறுக்குவண்டியில் விளையாட விட்டால் நாலாம் நாள் தானாகவே போகும். 3, 4 வயதுக்கு முழு நாள் வகுப்பு வேண்டவே வேண்டாம். வகுப்பு நடக்கும்போது பிள்ளையின் கண்ணில் படும்படி வேலியோரம் நிற்பதும் வேண்டாம். ஆசிரியர்கள் நாசூக்காகச் சொல்வார்கள், நாங்கள்தான் கேட்பதில்லை.

பழுதாகிற இடம் பெரும்பாலும் சப்பாத்து. ஸ்கீச் சப்பாத்தின் அளவு காலின் நீளத்தைச் சென்டிமீட்டரில் சொல்வது. பிள்ளையைச் சுவரோடு குதிகால் படும்படி நிறுத்தி அளந்து, 1 முதல் 1.5 சென்டிமீட்டர் மட்டும் கூட்டி எடுக்க வேண்டும். ‘வருகிற வருடமும் போடலாம்’ என்று இரண்டு அளவு கூட்டினால் கால் உள்ளே ஆடும், பிள்ளை திருப்பினாலும் ஸ்கீ திரும்பாது, காலும் நோகும். குளிரும் என்று இரண்டு மேஸ் போடுவதும் இதே வகைத் தவறு. மடிப்பு அழுத்தி இரத்தம் ஓடாமல் கால் இன்னும் குளிரும். முழங்கால் வரை வரும் ஒரே ஒரு மெல்லிய ஸ்கீ மேஸ் போதும், உள்ளே நீள உள்ளாடையின் முனையைச் செருகக் கூடாது. பருத்தி உடுப்பு வேர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருக்கும் என்பதால் தோலோடு ஒட்டிய அடுக்கு கம்பளி அல்லது செயற்கை நூலாக இருக்க வேண்டும். விரல் பிரிந்த கையுறையைவிட மூடிய கையுறை சின்னவர்களுக்குச் சூடு. கழுத்துத் துண்டு லிஃப்டில் சிக்கும், அதனால் குழாய் போன்ற கழுத்துறை. ஹெல்மெட் இல்லாத பிள்ளையை வகுப்பில் சேர்க்க மாட்டார்கள்.

சப்பாத்தைப் போட்டதும் குதிகாலைத் தரையில் இரண்டு தரம் தட்டிப் பின்னுக்கு இருத்தி, கணுக்காலுக்கு மேலுள்ள பூட்டை முதலில் இறுக்கி, பிறகு கீழுள்ளவற்றை மெதுவாகப் பூட்ட வேண்டும். சப்பாத்தை ஸ்கீயோடு பிடிக்கும் பைண்டிங் பூட்டவில்லை என்று பிள்ளை கத்தினால் பத்துக்கு ஒன்பது தரம் அடிப்பாகத்தில் பனி ஒட்டியிருக்கும். ஸ்கீக் கம்பியின் முனையால் சுரண்டினால் சரி. இரவு சப்பாத்தைக் காருக்குள் விட்டால் காலையில் பிளாஸ்டிக் கல்லாகி, பெரியவருக்கே கால் நுழையாது. தங்குமிடத்தில் சூடாக்கி உலர்த்தும் ஸ்கீ அறை இருக்கிறதா என்று முற்பதிவுக்கு முன்பே கேளுங்கள்.

வாடகைக்கு எடுப்பவர்கள் இணையத்தில் முன்பதிந்தால் மலிவு. உயரம், எடை, வயது, ஓடும் தரம் நாலையும் உண்மையாகக் கொடுக்க வேண்டும். சப்பாத்தின் அடி நீளத்தோடு இவற்றையும் சேர்த்துத்தான் விழும்போது பைண்டிங் எந்த விசையில் கழர வேண்டும் என்று பூட்டுவார்கள். எடையைக் குறைத்துச் சொன்னால் சும்மா நிற்கும்போதே கழரும், கூட்டிச் சொன்னால் கழர வேண்டிய நேரத்தில் கழராமல் முழங்கால் போகும். பழகும் பிள்ளைக்கு ஸ்கீ நெஞ்சுக்கும் நாடிக்கும் இடையில் நின்றால் போதும். உடைவு, களவுக் காப்புறுதியை மறுக்காதீர்கள். மதிய நேரத்தில் கடை வாசலில் ஒரே மாதிரி நூறு ஸ்கீ நிற்கும், தவறி எடுத்துப் போவது கெட்ட எண்ணத்தால் மட்டும் நடப்பதில்லை.

எங்கே தங்குவது? செர்ஃபௌஸில் கொண்டோலா நிலையத்துக்குக் கிட்ட இருப்பவை விலை கூடியவை. ஆனால் சின்னப் பிள்ளை இருந்தால் அந்த மேலதிகக் காசு வீண் போகாது. நாலு வயதுக்காரருக்கு ஸ்கீச் சப்பாத்தோடு 600 மீட்டர் நடப்பதென்றால் அன்றைய சக்தி அதிலேயே தீர்ந்துவிடும். தூரத் தங்குகிறவர்கள் நிலையத்திலேயே ஸ்கீ வைக்கும் பெட்டியை வாடகைக்கு எடுத்துக்கொண்டு சாதாரணக் குளிர்காலச் சப்பாத்தோடு வரலாம். ஃபிஸ்ஸில் பழைய திரோல் வீடுகளும் குறுக்குத் தெருக்களும், செர்ஃபௌஸைவிடக் கொஞ்சம் அமைதி. லாடிஸ் இன்னும் சின்னது, பழைய லாவுடெக் கோட்டையும் கந்தக ஊற்றும் உள்ள ஊர். அங்கிருந்து சோனென்பான் கொண்டோலா ஃபிஸ்ஸுக்குக் கொண்டுபோகும். விலை பார்க்கிறவர்களுக்கு லாடிஸ் நல்ல தெரிவு. ஆனால் பிள்ளையின் வகுப்பு செர்ஃபௌஸில் என்றால் வேண்டாம். தங்கும் ஊரிலேயே வகுப்பையும் பதிவது நல்லது.

ஸ்கீ ஓடத் தெரிந்த பெற்றோரின் கருத்து கலவையானது. பாதைகள் அகலம், இரவில் இயந்திரத்தால் உழுது காலையில் கோடு போட்ட துணி மாதிரி இருக்கும். இலகுவான நீலப் பாதையும் நடுத்தரச் சிவப்பும்தான் அதிகம், கடினமான கறுப்பு குறைவு. ஒஸ்திரியாவில் பச்சை நிறப் பாதை கிடையாது, நீலம்தான் ஆக இலகு என்பதைப் பிரான்ஸில் பழகியவர்கள் மனதில் வைக்க வேண்டும். செர்ஃபௌஸ் பக்கத்து மாஸ்னர் பகுதி உயரமும் தூரமும், நல்ல பனி நிற்கும். ஃபிஸ்ஸில் தங்கி அங்கே போகிறவர்கள் திரும்பும் நேரத்தைப் பின்னேரம் இரண்டரைக்கே கணக்கிட வேண்டும். இணைப்பு லிஃப்ட் மூடிவிட்டால் அடுத்த ஊரில் இறங்கிப் பேருந்தில் வர வேண்டியதுதான். கதிரை லிஃப்டில் 1.25 மீட்டருக்குக் குறைந்த பிள்ளையைத் தனியே ஏற்ற மாட்டார்கள். இரண்டு பிள்ளை, ஒரு பெரியவர் என்றால் பெரியவர் நடுவில்.

மேடு தெற்கு வெயிலைப் பார்த்திருப்பது படத்துக்கு அழகு, பனிக்குக் கேடு. மார்ச்சில் காலை பனி கல்லாக இருக்கும், 10.30க்கு இளகும், 1.30க்குப் பிறகு கீழ்ப்பகுதிகள் கூழ். ஊருக்குச் சறுக்கி இறங்கும் கடைசிப் பாதையில், களைத்த காலும் கூழ்ப் பனியும் கூட்டமும் சேரும்போதுதான் முழங்கால் விபத்துகள் வருகின்றன. கெட்டித்தனம் காட்டாமல் நடுநிலையத்தில் இருந்து கொண்டோலாவில் இறங்குங்கள். அதே வெயில் முகத்தையும் எரிக்கும். உயரம் 1,000 மீட்டர் கூடும்போது புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 சதவீதம் கூடுகிறது, புதுப் பனி அதில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். எங்கள் நிறத்துக்கு வெயில் சுடாது என்று கிறீம் பூசாமல் போகிறவர்கள் முதல் நாள் இரவே மூக்கைத் தடவிக்கொண்டிருப்பார்கள்.

மேலே சாப்பாட்டுக்கு 12 முதல் 1.30 வரை இடம் கிடைக்காது. 11.20க்குச் சாப்பிட்டு, எல்லோரும் சாப்பிடும்போது வெறும் பாதையில் ஓடுவதே பழகியவர்கள் செய்வது. மரக்கறிக்காரருக்கு கைசர்ஷ்மாரன் என்ற பிய்த்த இனிப்பு அப்பம், ஷ்பெட்ஸ்லே என்ற சீஸ் போட்ட மாவுருண்டை, பொரித்த உருளைக்கிழங்கு என்று சுற்றி வரும், மூன்றாம் நாள் நாக்கு செத்துவிடும். அதனால் சமையலறை உள்ள வீடு எடுப்பவர்களே அதிகம். 1,430 மீட்டரில் தண்ணீர் 95 பாகை அளவிலேயே கொதிக்கும், எனவே சோறும் பருப்பும் ஊரைவிடக் கூட நேரம் எடுக்கும். மிளகாய் தாளிக்கும்போது புகை எச்சரிக்கைக் கருவியையும் நினைத்துக்கொள்ளுங்கள். மரவீட்டில் அது மிகவும் உசார்.

பெரியவருக்கு ஒரு நாள் ஸ்கீ பாஸ் உச்சக் காலத்தில் 70 யூரோவைத் தாண்டிவிட்டது. ஸ்கீ ஓடத் தெரியாத பெற்றோர் ஆறு நாள் பாஸ் எடுப்பது வீண். நடந்து ஏறுபவருக்கான கொண்டோலாச் சீட்டுத் தனியே உண்டு, அதைக் கேட்டு வாங்குங்கள். பாஸை ஜாக்கெட்டின் இடப்பக்கப் பையில், தொலைபேசி இல்லாமல் தனியே வைத்தால் லிஃப்ட் வாசல் கதவு தானாகத் திறக்கும். மலையில் விபத்தென்றால் அழைக்க வேண்டிய எண் 140. ஸ்கீ விபத்துக்கு ஹெலிகொப்டர் வந்தால் சாதாரண மருத்துவக் காப்புறுதி பெரும்பாலும் கொடுக்காது, கட்டணச் சீட்டு ஆயிரக்கணக்கான யூரோவில் வீட்டுக்கு வரும். உங்கள் காப்புறுதியில் வெளிநாட்டு மலைமீட்பு அடங்குகிறதா என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு வெளிக்கிடுங்கள்.

கிழமை தெரிவு செய்ய முடிந்தவர்கள் ஜனவரி 6க்குப் பிறகு மாத முடிவு வரை போகலாம். தைப்பொங்கல் முடிந்த கையோடு என்று வைத்துக்கொள்ளுங்கள். குளிர் கடுமை, வரிசை இல்லை, வாடகை குறைவு. பள்ளிப் பிள்ளை இருந்தால் அது முடியாது. அப்போது மார்ச் நடுப்பகுதி. பெப்ரவரியில் ஜெர்மன், ஒல்லாந்து, சுவிஸ் விடுமுறைகள் ஒன்றின்மேல் ஒன்று விழும். வேறு வழியில்லை என்றால் சனி–சனி அல்லாமல் ஞாயிறு–ஞாயிறு வாடகை கிடைக்கிறதா என்று தேடுங்கள். சனிக்கிழமை கிளம்பியே ஆக வேண்டும் என்றால், வாடகை ஸ்கீயை வெள்ளி பின்னேரமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். காலை 7.30க்குள் பள்ளத்தாக்கில் இறங்கினால் தப்பலாம். பத்து மணிக்கு ஃபெர்ன்பாஸ் மலைக் கணவாய் வழியாக ஜெர்மனிக்குத் திரும்புகிறவர்கள் மதியச் சாப்பாட்டைக் காருக்குள்தான் சாப்பிட வேண்டியிருக்கும்.