ரோமன் காசு ஆன்லைன்ல வாங்குறவங்க உஷார், எனக்கு 120 பவுண்டு போச்சு

கோவத்துல டைப் பண்றேன், எழுத்துப்பிழை இருந்தா கண்டுக்காதீங்க. பழைய காசு ஏலம் விடுற ஒரு சைட்ல ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் காலத்து வெண்கலக் காசு ஒண்ணு 120 பவுண்டுக்கு எடுத்தேன். பின்பக்கம் சூரிய தேவன் சோல், கதிர்க் கிரீடம் வச்சு வலது கைய தூக்கி, இடது கையில உருண்டையோட நிப்பாரு, சுத்தி ‘சோலி இன்விக்டோ கோமிட்டி’னு (வெல்ல முடியாத துணைவன் சூரியனுக்குன்னு அர்த்தம்) எழுத்து. கிறிஸ்தவத்துக்கு ஆதரவு குடுத்த ராஜா, கி.பி. 313-ல அந்த மதத்துக்கு அனுமதி குடுத்ததுக்கு அப்புறமும் சில வருஷம் காசுல சூரியனத்தான் போட்டுக்கிட்டிருந்தாரு, அதனாலயே இந்தக் காசு மேல எனக்கு ரொம்ப நாள் ஆசை. அதுவும் அடியில பி எல் என்னு எழுத்து, அப்படின்னா லண்டன் மின்ட்ல (காசு அடிக்கிற எடம்) அடிச்சது, விடுவேனா.

ஏலம் முடியறதுக்கு முன்னாடி விக்கிறவன்கிட்ட மெசேஜ்ல கேட்டேன். எசெக்ஸ் பக்கம் வயல்ல அவன் மாமனார் மெட்டல் டிடெக்டர் வச்சு எடுத்ததாம், “சோல் தோள்ல தொங்குற துணிய பாருங்க, மடிப்பு கூட தெரியுது, இத விக்கவே மனசு வரல”ங்கிறான். சாமியப் பத்தி இவ்வளவு ரசிச்சுப் பேசுறவன் ஏமாத்துவான்னு யாருக்குங்க தோணும்? அந்த ஒரு மெசேஜுக்குத்தான் 120 பவுண்டு.

காசு வந்துச்சு, பாத்தா போலி. விளிம்புல சுத்தி ஒரு கோடு, அரம் போட்டு ராவி மறைச்சிருக்கான். நிஜக் காசு சுத்தியலால அடிச்சது, அதுல அந்தக் கோடு எப்படி வரும், உருக்கி வார்ப்புல ஊத்துனாதான் வரும். மேல இருந்த பச்சைய (பழைய வெண்கலத்துல படியுற களிம்பு) அசிட்டோன்ல நனைச்ச பஞ்சால தொட்டேன், பஞ்சோட வந்துருச்சு, நிஜப் பச்சை அப்படி வராது. அவன் ஏற்கனவே வித்த லிஸ்ட்டப் பாத்தா இதே காசு இன்னொண்ணு, ஓரத்துல அதே பிளவு அதே எடத்துல!! ஒரே அச்சுல அடிச்சா உருவம் ஒண்ணா இருக்கும், ஓரம் வெடிக்கிறது கூடவா ஒண்ணா இருக்கும்?

கேட்டா “1700 வருஷப் பழசு, அப்படித்தான் இருக்கும்”னான், அப்புறம் பதிலே இல்ல. சைட்டுக்கு எழுதுனா ‘வெரிஃபைட் செல்லர்’னு ஒரு பதில், அடுத்து ‘ரிட்டர்ன் டைம் முடிஞ்சிருச்சு’, அடுத்து கம்ப்ளைன்ட்டையே குளோஸ் பண்ணிட்டாங்க. சர்டிபிகேட்னு அனுப்புனதும் அவனே பிரின்ட் போட்ட பேப்பர். 120 பவுண்டுங்க!

விவரமா டிப்ஸ் எழுதணும்னுதான் உக்காந்தேன், முடியல. விளிம்பு போட்டோ கேளுங்க, தரலன்னா விட்டுருங்க. வித்த லிஸ்ட்ல ஜோடிக் காசு இருக்கான்னு பாருங்க. கார்டுல மட்டும் கட்டுங்க, நான் பேங்க் டிரான்ஸ்ஃபர் பண்ணேன்.

அவன் இப்ப மினர்வா தேவி உருவம் போட்ட, ரோமப் பேரரசர் டொமிஷியன் காசு ஒண்ணு ஏலத்துல விட்டிருக்கான், ஞாயித்துக்கிழமை முடியுது, யாரும் கை வைக்காதீங்க.