பைலோகார்பின் எலியோடு ஒன்பது வருடம்

வலிப்பு ஆராய்ச்சிக்கு எந்த விலங்கு மாடல், அதாவது நோயைப் படிக்க விலங்கில் உருவாக்கும் மாதிரி, எடுக்கலாம் என்று புதிதாகச் சேருகிற மாணவர்கள் கேட்பார்கள். அவர்கள் மனதில் இருக்கும் உண்மையான கேள்வி, "எது சீக்கிரம் முடியும்?" என்பதுதான். நானும் அப்படிக் கேட்டு வந்தவன். இப்போது லித்தியம்–பைலோகார்பின் எலியோடு, அதாவது இந்த இரண்டு மருந்தையும் போட்டு வலிப்பு நோய் வரவழைத்த எலியோடு, ஒன்பது வருடம் குப்பை கொட்டியாகிவிட்டது. அந்த அனுபவத்தை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

சீக்கிரம் முடிகிற கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். மின் அதிர்ச்சிச் சோதனை என்று ஒன்று உண்டு. சுண்டெலியின் கண்ணில் மரப்பு மருந்துச் சொட்டு விட்டு, விழியின் மேல் மின்முனை வைத்து, 50 மில்லிஆம்பியரை 0.2 விநாடி செலுத்த வேண்டும். பின்னங்கால் இரண்டும் விறைத்துப் பின்னோக்கி நீளும். மருந்து வேலை செய்தால் நீளாது. கணக்கு அவ்வளவுதான், ஒரே மதியத்தில் ஒரு குரூப்பை முடித்துவிடலாம். பி.டி.இசட். என்ற வலிப்பைத் தூண்டும் ரசாயன ஊசியும் ஏறக்குறைய இதே ரகம். இவற்றை நான் மட்டமாகப் பேச மாட்டேன். 1930களின் கடைசியில் பாஸ்டனில் மெரிட், புட்னம் என்ற இரண்டு மருத்துவர்கள் பூனைகளுக்கு மின்சாரத்தால் வலிப்பு வரவழைத்துச் சோதித்ததில்தான் பெனிட்டாய்ன் என்ற வலிப்பு மருந்து கிடைத்தது. இன்றும் நம் அரசு மருத்துவமனைகளில் கொடுக்கிற மருந்து அது.

ஆனால் அந்தச் சுண்டெலிக்கு வலிப்பு நோய் கிடையாது. நல்ல மூளைக்கு நாம் ஒருமுறை வலிப்பைக் கொடுக்கிறோம், அவ்வளவே. இன்று பரவலாகக் கொடுக்கிற லெவெடிரசெட்டம் இந்த இரண்டு சோதனையிலும் தோற்ற மருந்து. கிண்ட்லிங் (சிறிய தூண்டலைத் திரும்பத் திரும்பக் கொடுத்து மூளையை வலிப்புக்குப் பழக்குவது) செய்த எலிகளிலும், பிறவியிலேயே வலிப்புள்ள எலிகளிலும் அது வேலை செய்ததை ஒருவர் கவனித்திராவிட்டால் குப்பைத்தொட்டிக்குத்தான் போயிருக்கும். 1999இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மூளையில் அது எதைப் பிடிக்கிறது என்பது 2004இல்தான் தெரிந்தது. எந்த மாடலை வாசலில் நிறுத்துகிறோமோ, அது உள்ளே விடுகிற மருந்துதான் நமக்குக் கிடைக்கும். இதைப் படித்த பிறகுதான் நான் பைலோகார்பினுக்கு மாறினேன்.

பைலோகார்பின் பிரேசிலின் ஜபோரண்டி செடியிலிருந்து வருவது. கண்ணழுத்த நோய்க்குச் சொட்டு மருந்தாகவும் விடுகிறார்கள். எலிக்கு முதல் நாள் லித்தியம் போட்டுவிட்டால், மறுநாள் கிலோவுக்கு 30 மில்லிகிராம் பைலோகார்பின் போதும். லித்தியம் இல்லையென்றால் 300க்கு மேல் போக வேண்டும். அரை மணி நேரம் முன்னதாக, மூளைக்கு வெளியே பைலோகார்பினின் விளைவைத் தடுக்கும் மெத்தில் ஸ்கோபோலமின் போட மறக்கக் கூடாது. மறந்தால் எச்சிலும் மூச்சுத்திணறலுமாக, மூளைக்குள் ஒன்றும் நடப்பதற்கு முன்பே விலங்கு போய்விடும்.

பிறகு ரசீன் என்ற ஆய்வாளர் 1972இல் வகுத்த ஐந்து வலிப்புப் படிகள் வரிசையாக வரும்: வாய் மெல்லுதல், தலை ஆட்டம், ஒரு முன்னங்கால் துடிப்பு, எழுந்து நிற்றல், நின்றபடியே விழுதல். மூன்றாம் படியா நான்காம் படியா என்று இருவர் பார்த்தால் இரண்டு பதில் வரும். எந்த எலிக்கு எந்த மருந்து என்று தெரியாத இருவர் தனித்தனியே மதிப்பெண் போடுவதே நல்லது. அதன் பின் வலிப்பு நிற்காது. ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் விட்டு, வலிப்பை அடக்கும் டயஸிபாம் போடுவோம். உடல் அடங்கும், மூளை அடங்கியது என்று பொருளில்லை. வலிப்பு நீள நீள டயஸிபாம் பிடித்துக்கொள்ள வேண்டிய ஏற்பிகள் நரம்பணுவின் உள்ளே இழுக்கப்பட்டுவிடும். நோயாளிக்கும் இதே கதைதான். அதனால்தான் அவசரப் பிரிவில் நிமிடக் கணக்குப் பார்க்கிறார்கள்.

முதல் பேட்ச் எங்களுக்கு நரகம். காலையில் அனிமல் ஹவுஸைத் திறந்தால் பாதிக் கூண்டில் அசைவே இல்லை. டோஸைப் பிரித்து, அரை மணிக்கு ஒருமுறை கிலோவுக்கு 10 மில்லிகிராமாகப் போட ஆரம்பித்த பிறகு சாவு வெகுவாகக் குறைந்தது. மீதி வித்தியாசம் பணிவிடையில். தோலுக்கடியில் ரிங்கர் லாக்டேட் என்ற உப்புநீர், தண்ணீரில் ஊறவைத்துக் குழைத்த தீவனம், சிரிஞ்சில் சர்க்கரைத் தண்ணீர். நான்கைந்து நாள் காய்ச்சல்காரக் குழந்தைக்குக் கஞ்சி புகட்டுகிற வேலை. ஒரு மாதம் கழித்து அதே எலி கையைக் கடிக்கும், தொட்டாலே துள்ளும். கனத்த கையுறை இல்லாமல் தூக்காதீர்கள்.

இந்த மாடலின் மதிப்பு அந்தக் கடிக்கு முந்தைய அமைதியில் இருக்கிறது. சில நாள் முதல் சில வாரம் வரை எலி சாதாரணமாகத் தின்னும், தூங்கும். உள்ளே ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியில் நரம்பிழைகள் புதிதாக முளைத்துத் தவறான இடத்தில் போய் ஒட்டிக்கொண்டிருக்கும். பிறகு ஒருநாள், யாரும் எதுவும் செய்யாமலே வலிப்பு வரும். 1987இல் கனடாவில் டோமோயிக் அமிலம் என்ற நரம்பு நஞ்சு கலந்த சிப்பிகளைத் தின்று நூற்றுக்கு மேற்பட்டோர் நோயுற்றார்கள். அவர்களில் ஒரு முதியவருக்கு முதலில் விடாத வலிப்பு, பிறகு ஏறக்குறைய ஓராண்டு அமைதி, அதன் பின் நெற்றிப்பொட்டு மடல் வலிப்பு. எலி காட்டுகிற அதே வரிசை.

அந்தத் தானாக வருகிற வலிப்பைப் பிடிக்க வீடியோவும் மூளையின் மின்னலைகளைப் பதியும் ஈ.ஈ.ஜி.யும் இரவு பகலாக ஓட வேண்டும். மண்டையில் திருகாணி, பல் சிமெண்ட், கேபிள். எலி கேபிளைக் கடிக்கும், மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் புகும், கரன்ட் போனால் யு.பி.எஸ். கத்தும். உடம்பை நக்கிச் சுத்தம் செய்வதும் தீவனம் கொறிப்பதும் திரையில் வலிப்பு மாதிரியே இருக்கும். பழகிய கண்ணுக்கு வித்தியாசம் தெரியும். நிஜ வலிப்பு சின்னதாகத் தொடங்கி வளரும், கோட்டில் முள்ளாக எழும் அலைகளின் இடைவெளி போகப்போக விரியும், முடிந்ததும் கோடு தட்டையாகப் படுத்துவிடும். கொறிப்பது சட்டென்று தொடங்கிச் சட்டென்று நிற்கும்.

எங்கள் பெரிய அசிங்கமும் இங்கேதான். மருந்து கொடுத்து நான்கு நாள் பதிவு எடுத்தோம். ஒரு வலிப்புகூட இல்லை. கேன்டீனில் எல்லோருக்கும் நான்தான் டீ வாங்கிக் கொடுத்தேன். பிறகுதான் மருந்து கொடுக்காத எலிகளின் பழைய பதிவுகளை வரிசையாகப் போட்டுப் பார்த்தோம். அவற்றிலும் அப்படி ஐந்தாறு நாள் வெற்றிடங்கள் இருந்தன. இந்த எலிகளுக்கு வலிப்பு கொத்துக் கொத்தாக வரும், நடுவே ஒன்றுமே இருக்காது. அதுவும் பகலில், எலி ஓய்வெடுக்கிற நேரத்தில் அதிகம். எங்கள் மருந்து செய்ததாக நினைத்ததை நாள்காட்டிதான் செய்திருந்தது. அதன் பிறகு மருந்துக்கு முன்னால் குறைந்தது மூன்று வாரப் பதிவு இல்லாமல் நான் எதையும் தொடங்குவதில்லை.

வீடியோ பார்த்துப் பார்த்து எங்கள் ஊர் விஷயம் ஒன்றும் புரிந்தது. யாருக்காவது வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பார்கள், கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிடும், இரும்புக்குப் பேர் கிடைக்கும். எலியின் வலிப்பும் பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் தானே அடங்கிவிடுகிறது. கூண்டுக்குள் யார் சாவி வைத்தார்கள்?

குறைகள் இல்லாமல் இல்லை. மூளைச் சேதம் தேவைக்கு மேல் பரவுகிறது. நம் நாட்டில் பலருக்கு வலிப்பு வருவது தலைக்காயத்தாலும் மூளையில் தங்கிய நாடாப்புழுக் கட்டிகளாலும், பிறக்கும்போது மூச்சுத் திணறியதாலும். இதில் எதுவும் பைலோகார்பின் அல்ல. வலிப்பைத் தூண்டும் இன்னொரு ரசாயனமான கெய்னிக் அமிலத்துக்கு மாறலாம் என்றால், சி57 என்ற கறுப்புச் சுண்டெலி இனத்தில் வலிப்பு வந்தாலும் நரம்பணுக்கள் அவ்வளவாகச் சாவதில்லை. வேறு இனத்தில் அப்படியில்லை. குழந்தைகளுக்கு வரும் கடும் வலிப்பு நோயான டிராவே நோய்க்குரிய எஸ்.சி.என்.1ஏ மரபணுச் சுண்டெலியில் இது தலைகீழ்: கறுப்பு இனத்தில் கடுமையாகவும் 129 என்ற இனத்தில் லேசாகவும் வரும். எனவே மாடல் என்றால் ரசாயனம் மட்டுமல்ல, இனமும் சேர்த்துத்தான். நம் பக்கத்தில் அதிகம் காணப்படும் வெந்நீர் வலிப்புக்கு, தலையில் வெந்நீர் ஊற்றினால் வருவதற்கு, பெங்களூருவின் நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் நிறுவனத்தில் எலியிலேயே தனி மாடல் செய்திருக்கிறார்கள். அந்த நோயைப் படிக்க என் எலி உதவாது.

எத்திக்ஸ் கமிட்டி படிவத்தில் எத்தனை எலி, ஏன் அத்தனை என்று எழுதும் கட்டத்தை முன்பெல்லாம் கடைசியில் நிரப்புவேன். இப்போது அதைத்தான் முதலில் நிரப்புகிறேன். தொடர்பதிவு எடுத்தால் அதே எலியையே மருந்துக்கு முன்னும் பின்னும் ஒப்பிடலாம், எண்ணிக்கை பாதியாகக் குறைகிறது.

போன மாதம் வந்த மாணவிக்கு ஊசி போடுவதை இன்னும் சொல்லித் தரவில்லை. ஒரு ஹார்ட் டிஸ்க்கைக் கொடுத்து ஏழு நாள் பதிவைப் பார்க்கச் சொன்னேன். நான்காம் நாள் மாலை வந்து, "சார், ஒண்ணுமே வரலை, டிஸ்க் மாத்திக் கொடுத்துட்டீங்களா?" என்றாள். ஐந்தாம் நாள் மதியத்தைப் போட்டுப் பார்க்கச் சொல்லி அனுப்பினேன்.