பரண் பேரேடும் நான்கு டேட்டாபேஸ்களும்

"எங்க அய்யா எழுதுன பேரேடு இன்னும் பரண்ல கெடக்கு. நீங்க போடுத கணக்கு எத்தன வருசத்துக்குக் கெடக்கும், தம்பி?"

நெல்லை ஜங்ஷன் பக்கம் பாத்திரக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி இதைக் கேட்டது 2023 டிசம்பர் வெள்ளம் வடிந்த பிறகு. தாமிரபரணி கடைக்குள் வந்தபோது கம்ப்யூட்டர் தரையில் இருந்தது. பேக்கப் எடுத்த பென் டிரைவ் அதே மேசையின் கீழ் டிராயரில். இரண்டும் சேர்ந்தே முங்கின. செப்டம்பரில் ஒரு ரிப்பேருக்காக என் லேப்டாப்பில் நகல் எடுத்திருந்ததால் தப்பித்தோம். மிச்ச மூன்று மாதத்தை பில் புத்தகத்தைப் பார்த்துத் திரும்பத் தட்டினோம்.

கடைக் கணக்குக்கான டேட்டாபேஸை, அதாவது தகவல்களை அட்டவணைகளாக வைத்துக்கொள்ளும் இடத்தை, புதிதாக எதில் செய்வது என்று நான்கு வழிகளைப் பார்த்தோம். கடையில் இரண்டு கவுன்டர், ஒரு குடோன். மாதாமாதம் பணம் கட்டிப் பாத்திரம் எடுக்கும் சீட்டும் உண்டு. அடுத்தவர் பணம் என்பதால் சீட்டுக் கணக்கில்தான் பயம் அதிகம்.

எக்செல்லை அண்ணாச்சி மகன் சொன்னார். பார்க்க எளிது, யாரும் திறக்கலாம், பத்து லட்சம் வரிசைக்கு மேல் கொள்ளும். ஆனால் எதைப் போட்டாலும் வாங்கிக்கொள்ளும். 0462 என்று தொடங்கும் நம்பரைத் தட்டினால் முன்னால் உள்ள சுழியைத் தின்றுவிடும். ஒரு பத்தியை மட்டும் வரிசைப்படுத்திவிட்டால் ஒருவர் கட்டிய தவணை இன்னொருவர் பேரில் போய் நிற்கும், அப்புறம் தப்பு நடந்ததே தெரியாது. கணக்கைப் பார்க்க எக்செல் சரி, வைத்திருக்க வேண்டாம் என்றேன்.

மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸ் மென்பொருளான அக்செஸ்ஸில்தான் பழைய கணக்கு இருந்தது, எனக்கு முன்னால் ஒருவர் செய்தது. குறை சொல்ல மனசில்லை. பில் போடும் திரை, ரிப்போர்ட் எல்லாம் இரண்டே நாளில் எழுதிவிடலாம். இன்றைக்கும் அந்த வசதி வேறு எதிலும் அவ்வளவு சுலபமில்லை. ஆனால் ஒரு கோப்பு 2 ஜிபியைத் தாண்ட முடியாது. இரண்டு கவுன்டரும் நெட்வொர்க் வழியாக ஒரே கோப்பைத் திறந்திருக்கும்போது ஒயர் ஆடினால் கோப்பே கெட்டுப்போகலாம். வயது இன்னொரு சிக்கல்: அக்செஸ் 97இல் செய்த கோப்பை அக்செஸ் 2013 திறக்காது. 16 வருசம்தான். பரண் பேரேடு இதைக் கேட்டால் சிரிக்கும். போதாததற்கு, வாடிக்கையாளர் பெயர்களெல்லாம் பழைய தமிழ் ஃபான்ட் ஒன்றில் தட்டியவை. அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிந்தன. எல்லாவற்றையும் எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாற்றவே ஒரு வாரம் ஆனது.

உண்மையான போட்டி எஸ்க்யூலைட், போஸ்ட்கிரெஸ் என்ற இரண்டு டேட்டாபேஸ் மென்பொருள்களுக்கும்தான்.

எஸ்க்யூலைட் நம் எல்லார் போனிலும் ஏற்கெனவே ஓடுகிறது. எல்லாருக்கும் பொதுவாகத் தனியே ஓடும் சர்வர் கிடையாது, ஒரே ஒரு கோப்பு. 2004இல் வந்த மூன்றாம் பதிப்பின் கோப்பை இன்றைய பதிப்பும் திறக்கும். 2050 வரை பராமரிப்போம் என்று அதை எழுதுகிறவர்களே சொல்லியிருக்கிறார்கள். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தரவுகளைப் பாதுகாக்கப் பரிந்துரைக்கும் வடிவங்களில் இதுவும் ஒன்று. பரணுக்கு ஏற்ற பண்டம்! ஆனால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும். நெட்வொர்க் ஃபோல்டரில் வைத்துப் பலர் திறப்பதும் ஆபத்து. இல்லாத வாடிக்கையாளர் பேரில் பில் விழாமல் தடுக்கும் சோதனையை, ஒவ்வொரு முறை இணையும்போதும் நாமேதான் முடுக்கிவிட வேண்டும்.

போஸ்ட்கிரெஸ் அதற்கு நேர்மாறு, சர்வராகத் தனியே ஓடுவது. இரண்டு கவுன்டரும் குடோனும் ஒரே நேரத்தில் எழுதலாம். பில் பாதியில் நிற்கையில் கரண்ட் போனால், அந்த பில்லே இல்லாததுபோல் பழைய நிலைக்குத் திரும்பும். தொகை, தேதி எதிலும் தவறான வகையை உள்ளே விடாது. ஆனால் அதற்கு ஆள் வேண்டும். ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் ஐந்து வருசம்தான் திருத்தங்கள் வரும். அதற்குள் அடுத்ததற்குத் தாவ வேண்டும், பழைய கோப்புகளை அப்படியே எடுத்து வைத்தால் புதியது ஏற்காது.

போஸ்ட்கிரெஸ் போன்ற இன்னொரு டேட்டாபேஸான மைஎஸ்க்யூஎல்லும் இந்த வேலையைச் செய்யும். எனக்குப் பழக்கம் குறைவு, அவ்வளவுதான்.

எதை எடுத்தாலும், உள்ளே அட்டவணையைத் தப்பாகப் போட்டால் அது நம்மைக் காப்பாற்றாது. என் தப்பையே சொல்கிறேன். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானது. சங்கரன்கோவில், கடையநல்லூர் வாடிக்கையாளர்களின் மாவட்டத்தை ஒரே கட்டளையில் மாற்றினேன். பில்கள் முகவரியை அந்த வாடிக்கையாளர் அட்டவணையிலிருந்துதான் எடுத்தன என்பதை மறந்துவிட்டேன். 2012 பில்லைத் திரும்ப அச்சடித்தால் அப்போது இல்லாத மாவட்டம் வருகிறது! இப்போது பில் போட்ட நாளின் முகவரியும் வரி விகிதமும் அந்த பில்லோடே பதிவாகின்றன. ஜிஎஸ்டி விகிதம் மாறினாலும் பழைய பில் அசையாது.

கடைசியில் போஸ்ட்கிரெஸ் 16. இரண்டு கவுன்டர் இருப்பதால் வேறு வழியில்லை. ஒரே கவுன்டர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு எஸ்க்யூலைட் என்றிருப்பேன். ஆனாலும் அதை விட்டுவிடவில்லை: மாதக் கடைசியில் முழுக் கணக்கும் ஒரு எஸ்க்யூலைட் கோப்பாக இறங்கி, பாளையங்கோட்டையில் அண்ணாச்சி வீட்டு மாடிக்குப் போகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து, சீட்டு நிலுவை சரியாக வருகிறதா என்று பார்க்கிறோம்.

16ஆம் பதிப்புக்கு 2028 நவம்பரோடு திருத்தங்கள் நிற்கும். அதை யார் மாற்றுவது என்று அண்ணாச்சி இப்போதே கேட்டாயிற்று. என் பெயரைச் சொன்னேன். "நீங்க இல்லன்னா?" என்றார். அட்டவணைகளையும் திரும்ப நிறுவும் முறையையும் தமிழில் பன்னிரண்டு பக்கம் எழுதி, அச்சடித்துக் கொடுத்திருக்கிறேன். பேரேட்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்.