கச்சானுக்குத் தப்பி மலைக்கு: எல்லவா, ஹப்புத்தளையா?

ஆகஸ்ட் மாதத்தில் மட்டக்களப்பில் இருப்பவருக்கு மலைநாட்டின் அருமையை எவரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. கச்சான் காற்று முற்றத்து மணலையெல்லாம் வாரி வீட்டுக்குள் கொட்டுகிற அந்த நாட்களில், பாடசாலை விடுமுறை விட்டதும் நாங்கள் எட்டுப் பேர் ஒரு வானை வாடகைக்கு அமர்த்தி, எல்லவில் இரண்டு இரவும் ஹப்புத்தளையில் இரண்டு இரவும் தங்கி வந்தோம். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு எல்ல அரைநாள் ஊர். தங்குவதற்கு உரியது ஹப்புத்தளை.

செங்கலடிச் சந்தியில் திரும்பும் பதுளை வீதிதான் நமக்கு நேர்வழி. பேராதனையில் தொடங்கி நுவரெலியாவையும் பதுளையையும் கடந்து வரும் ஏ5 பெருந்தெரு முடிகிற இடமே நமது செங்கலடி என்பது, அந்தச் சந்தியில் நாள்தோறும் பஸ்ஸுக்கு நிற்கிற பலருக்குத் தெரியாது. கரடியனாறு, புல்லுமலை, மகாஓயா, பிபிலை வரை பயணம் சுகமாகவே இருந்தது. அதன் பிறகு லுணுகலை, பசறைப் பக்கத்து வளைவுகளில் பின்னிருக்கைப் பிள்ளைகள் இருவர் வாந்தி எடுத்தார்கள். தேசிக்காயை மறக்காமல் கொண்டு செல்லுங்கள்.

எல்ல அழகான ஊர் என்பதில் ஐயமில்லை. 1,141 மீற்றர் உயரமான சின்ன சிவனொளிபாதமலைக்கு எங்கள் அம்மாவே மெதுவாக ஏறிவிட்டார். இறுதிப் படிகளில் மட்டும் கைபிடித்துவிட வேண்டியிருந்தது. கம்பியில் தொங்கிப் பறக்கும் ஸிப்லைனைப் பிள்ளைகள் கேட்டு அடம்பிடித்தார்கள். 1921இல் முடிவடைந்த ஒன்பது வளைவுப் பாலம், 91 மீற்றர் நீளத்துக்குக் கல்லும் செங்கல்லும் சீமெந்தும் மட்டுமே கொண்டு, இரும்புச் சட்டமின்றிக் கட்டப்பட்டது. ரயில் வரும் நேரத்தை எல்ல நிலையத்தில் முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு போவது நல்லது. விசாரிக்காமல் போன நாங்கள் ஒன்றரை மணி நேரம் வெறும் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

சாப்பாட்டில்தான் எல்ல எங்களைக் கைவிட்டது. பிரதான வீதியில் நாங்கள் நுழைந்த உணவகத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். பட்டியலில் பீட்சாவும் பாஸ்தாவும் பக்கம் பக்கமாக இருக்க, கடைசி மூலையில் சோறும் கறியும் ஒதுங்கிக் கிடந்தன. ஒன்றேகால் மணி நேரம் கழித்து வந்த மீன்கறியில் தேங்காய்ப்பால் இருந்தது; உறைப்பும் புளியும் இல்லை. வாவிக்கரையில் பிறந்தவர்கள் மீன்கறியை மலையில் போய்க் கேட்டதே பிழை என்று மாமா சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கறிக்குச் சேவைக் கட்டணமும் சேர்த்துக் கொடுத்த பணத்தில், மறுநாள் ஹப்புத்தளையில் எட்டுப் பேரும் இருவேளை உண்டோம். கடைகளும் அப்படியே: யானை படம் போட்ட காற்சட்டை, மர முகமூடி, வெளிநாட்டவருக்கென்று வைத்த விலை.

ஹப்புத்தளைக்கு அத்தகைய அலங்காரம் எதுவும் கிடையாது. ஒரு மலை முதுகின் மேல் அமர்ந்திருக்கும் சிறு பட்டினம் அது. ஊருக்கு நடுவே தண்டவாளம் வீதியைக் குறுக்கறுத்துச் செல்கிறது. கடைத்தெருவில் எங்கு திரும்பினாலும் தமிழ் கேட்கும். பஸ் நிலையத்துக்கு அருகிலிருந்த சாப்பாட்டுக் கடையில் சோறு, பருப்பு, போஞ்சிக்காய்க் கறி, கோவா வறை, கரட் சம்பல் பரிமாறினார்கள். அன்று காலையில் பிடுங்கிய கரட் என்பது முதல் வாயிலேயே தெரிந்தது. பரிமாறிய அம்மா, "இன்னும் கொஞ்சம் போடட்டுங்களா?" என்று மலையகத்துக்கே உரிய மரியாதையோடு கேட்டுக் கேட்டு வைத்தார். கடை சிறியது, கைகழுவும் இடம் அவ்வளவு சுத்தமில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

தம்பேதென்ன தேயிலைத் தொழிற்சாலை 1890இல் தோமஸ் லிப்டன் கட்டியது. ஆலை ஓடும் நாளில் செல்லுங்கள். கொழுந்தை வாட்டும் தட்டுகளிலிருந்து எழும் பச்சை மணம், உருட்டும் இயந்திரத்தை அடைவதற்குள் பழமணமாக மாறுவதை மூக்கே கண்டுபிடிக்கும். அங்கு வேலை செய்யும் ஒருவர் ஒரு கையில் பிஓபியையும் மறு கையில் பிஓபிஎப்பையும் வைத்துக் காட்டினார்; இரண்டும் துகளின் அளவை வைத்துப் பிரிக்கும் தேயிலைத் தரங்கள். முன்னது சற்றுப் பெரிய துகள், வெறுந்தேநீருக்கு ஏற்றது. பின்னது நுண்ணியது, சாயம் விரைவில் இறங்குவதால் பால் தேநீருக்கு உகந்தது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் வறண்ட காற்றுத்தான் ஊவாத் தேயிலைக்கு அதன் தனி மணத்தைத் தருகிறது என்றும் சொன்னார். தென்மேற்குப் பருவக்காற்று மழையை மேற்குச் சரிவில் இறக்கிவிட்டு வறண்டு வருகிறது. மலையில் தேயிலைக்கு மணம் கொடுத்த அதே காற்று இறங்கி வந்து நம் முற்றத்தில் கச்சானாக அடிக்கிறது. ஊரில் திட்டிய காற்றுக்கு அங்கே காசு கொடுத்து இரண்டு கிலோ வாங்கினேன்.

அங்கிருந்து ஏழு கிலோமீற்றர் ஏறினால் லிப்டன் சீட் என்னும் மலையுச்சிக் காட்சிமுனை. ஒன்பது மணிக்கு முன் போய்விட வேண்டும்; பிந்தினால் மூடுபனிதான் காட்சி. கிழக்கு மாகாணமும் தெரியும் என்பார்கள். நான் கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன், நீலப் புகையே தெரிந்தது.

தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் கட்டிய அதிஷாம் மாளிகை இன்று பெனடிக்ற் சபைத் துறவிகளின் மடம். வார இறுதி, போயா நாட்கள், பாடசாலை விடுமுறை ஆகியவற்றில்தான் திறக்கும். உள்ளே வரவேற்பறையும் நூலகமும் மட்டுமே பார்க்கலாம். துறவிகள் விற்கும் கொய்யா ஜெலியை ஒரு போத்தல் வாங்கி, அன்றிரவே பாணோடு முடித்துவிட்டு மறுபடியும் போனோம்.

மரக்கறியை மட்டும் அவசரப்பட்டு வாங்காதீர்கள். முதல் நாளே லீக்ஸ் கட்டுகளை வாங்கி வானின் பின்புறம் போட்டு வைத்த எங்களுக்கு, திரும்பி வருகையில் புல்லுமலை தாண்டி யன்னலால் கச்சான் அடித்தபோது அவை துவண்டு கிடந்தன. புறப்படும் காலையில் வாங்கி, ஈரச் சாக்கில் சுற்றி, இருக்கைக்குக் கீழே வையுங்கள்.