காலரில் விழும் காஜா: ஒரு தையல் இயந்திரத்துடன் நான்கு ஆண்டுகள்

கிள்ளானில் இருக்கும் தோழி ஒருத்தி போன வாரம் அழைத்து, நான் வைத்திருக்கும் அதே தையல் இயந்திரத்தின் விலை 1,399 ரிங்கிட்டிலிருந்து 999 ரிங்கிட்டுக்கு இறங்கியிருக்கிறது, வாங்கலாமா அக்கா என்று கேட்டாள். ஒரு நிமிடத்தில் பதில் சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். ஆனால் அந்த நேரத்தில் என் மடியில் ஒரு ஜிப்பா கிடந்தது; அதன் காலரில் இயந்திரம் போட்டுக் கெடுத்த காஜாவை, அதாவது பட்டன் நுழையும் துளையின் ஓரத்தையலை, மூன்றாவது தடவையாகப் பிரித்துக்கொண்டிருந்தேன். எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டேன். இது அந்தப் பதில். நிறுவனத்தின் பெயரை எழுதப்போவதில்லை. கேட்டவளுக்கு அது தெரியும்.

நல்லதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் சொல்லும் மனநிலை எனக்கு இருக்காது. 2020 மார்ச் 18 அன்று கோவிட் பரவலால் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது என்னிடம் இருந்தது அம்மா கொடுத்த கறுப்புக் கால்மிதி இயந்திரம் மட்டுமே. அதில் அக்கம்பக்கத்தாருக்கு முகக்கவசம் தைக்கத் தொடங்கி, அது தலையணை உறை, பிள்ளைகளுக்குப் பாவாடை சட்டை, குழந்தையைக் குளிப்பாட்டிப் போர்த்தும் தொப்பி வைத்த துவாலை என்று வளர்ந்த பிறகு, அடுத்த ஆண்டின் நடுவில் இந்த மின் இயந்திரத்தை வாங்கினேன். நேர்த்தையலில் இதுவரை ஒரு குறையும் சொல்ல முடியாது. வேகத்தைக் கட்டுப்படுத்தும் நகர்த்தியை அடியில் இறக்கிவிட்டால், மிதியை எவ்வளவு அழுத்தினாலும் ஒவ்வொரு தையலாக எண்ணி வைக்கும். பட்டுச் சேலைக்கு ஃபால்ஸ் அடிக்கும்போது இந்த ஒரு வசதிக்காகவே அதைக் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறேன். நிறுத்தும்போது ஊசி துணிக்குள்ளேயே நிற்பதால் மூலை திருப்புவது சுலபம். கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் இரவு பதினொரு மணிக்கு மேல் தைத்தும் கீழ்வீட்டுக்காரர் ஒருநாளும் கதவைத் தட்டியதில்லை. தட்டினால் அவரையும் குறை சொல்ல முடியாது, அம்மாவின் கால்மிதியை அந்த நேரத்தில் ஓட்டியிருந்தால் கட்டடமே எழுந்திருக்கும்.

இப்போது காஜாவுக்கு வருகிறேன்.

இந்த இயந்திரத்தை நான் தேர்ந்தெடுத்ததற்கே காரணம் தானாகக் காஜா போடும் வசதிதான். காஜா போடுவதற்கென்று, துணியை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் ஒரு நீளமான பாதம் தருகிறார்கள். அதன் பின்பகுதியில் பட்டனை வைத்து இறுக்கிவிட்டால், துளையின் நீளத்தைப் பாதமே அளந்துகொள்கிறது. பக்கத்தில் இருக்கும் சிறு நெம்பியைக் கீழே இழுத்துவிட்டு மிதியை அழுத்தினால், இயந்திரம் துளையின் ஒரு பக்கத் தையல் வரிசையை, அதாவது ஒரு காலை, அடித்து, முனையில் கட்டுத்தையல் போட்டு, திரும்பி வந்து மறுபக்கக் காலையும் முடித்துத் தானாகவே நின்றுவிடும். கடையில் இரண்டு அடுக்குப் பருத்தித் துணியில் போட்டுக் காட்டியபோது நான் பார்த்தது அச்சில் வார்த்ததுபோன்ற ஒரு காஜா. வீட்டுக்கு வந்து மகனின் பள்ளிச் சட்டையின் நெஞ்சுப் பட்டியில் போட்டபோதும் அப்படியே வந்தது. அந்தத் துண்டுத் துணியை இன்னும் ஊசிப்பெட்டியில் வைத்திருக்கிறேன், கோபம் வரும்போது எடுத்துப் பார்ப்பதற்காக.

சிக்கல் காலரில் தொடங்குகிறது. ஜிப்பாவுக்கு வைக்கும் நின்ற காலர் சுமார் ஒன்றேகால் அங்குல உயரம் இருக்கும். அந்த ஒன்றேகால் அங்குலத்துக்குள் வெளித்துணி, உள்துணி, நடுவில் விறைப்புக்காக ஒட்டிய கேன்வாஸ், இவற்றோடு மேல் ஓரத்திலும் கீழ் ஓரத்திலும் மடிந்து நிற்கும் தையல் விளிம்புகள் என்று ஐந்தாறு அடுக்குகள் சேர்ந்துவிடுகின்றன. அதுவும் சமமாக இல்லாமல், ஓரங்களில் தடித்தும் நடுவில் மெலிந்தும் ஒரு சிறிய வாய்க்கால்போல இருக்கும். காஜாப் பாதம் அகலமும் நீளமுமானது. அது இந்த வாய்க்காலில் உட்காராமல் ஒரு கரையில் ஏறிக்கொண்டு சாய்கிறது. போதாக்குறைக்கு, காலரின் துளை விளிம்புக்கு மிக அருகே வருவதால் பாதத்தின் ஒரு பாதி துணியே இல்லாமல் வெறும் ஊசித்தட்டின்மேல் தொங்கும். பாதம் சாய்ந்தால் அதன் கீழே துணியை நகர்த்தும் பற்களுக்குப் பிடிமானம் ஒரு பக்கம் குறைந்துவிடும். முன்னோக்கிப் போகும் கால் ஒழுங்காக விழும். பின்னோக்கி வரும் காலில் துணி நகராமல் ஊசி ஒரே இடத்தில் குத்திக்குத்தி நூலைக் கட்டியாக்கும், பிறகு திடீரென்று வழுக்கி நாலு தையலை அரிசி தூவியதுபோல விட்டுவிட்டுப் போகும். காஜாவின் தையல்கள் ஒன்றுக்கொன்று அரை மில்லிமீட்டர்கூட இடைவெளி இல்லாமல் விழ வேண்டியவை என்பதால், நேர்த்தையலில் கண்ணுக்கே தெரியாத ஒரு சிறு தயக்கம் இங்கே விகாரமாகத் தெரிகிறது. உடுப்பில் எல்லோருடைய கண்ணும் முதலில் விழும் இடம் கழுத்துதான் என்பது இயந்திரத்துக்குத் தெரியாது.

இதை நிறுவனத்தின் சேவை நிலையத்தில் சொன்னபோது, உத்தரவாதக் காலம் முடியாத நேரம் அது, அங்கே இருந்த இளைஞர் இரண்டு அடுக்குத் துண்டுத் துணியை எடுத்து அழகாக ஒரு காஜா போட்டுக் காட்டி, இயந்திரத்தில் பிழை இல்லை, பயன்படுத்தும் முறையில்தான் பிழை என்று சொல்லி அனுப்பிவிட்டார். நான் கொண்டுபோயிருந்த காலரை அவர் பாதத்தின் கீழே வைத்துக்கூடப் பார்க்கவில்லை. அவர் சொன்னது முழுப் பொய் இல்லை என்பது எனக்கு இரண்டு மாதத்துக்கு முன்புதான் தெரிந்தது.

அப்போது காஜா நெஞ்சுப் பட்டியிலும் கோணலாக விழத் தொடங்கி, ஒருநாள் ஊசியும் உடைந்தது. எங்கள் வட்டாரத்தில் பழைய இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் முதியவர் ஒருவரிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவர் இயந்திரத்தை ஓட்டிக்கூடப் பார்க்காமல், ஊசித்தட்டின் இரண்டு திருகுகளைக் கழற்றி, பற்களின் இடுக்கிலிருந்து இடுக்கியால் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டையை உரித்து எடுத்தார். பற்களின் வரிசை அதில் அப்படியே பதிந்திருந்தது. கம்பளித் துணியை வெட்டி வைத்ததுபோல அவ்வளவு கெட்டியாக இருந்தது. அதை மேசைமேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்து மலாயில் ஒரே ஒரு சொல் கேட்டார்: "துவாலா?" ஆமாம், துவாலைதான். மூன்று ஆண்டுகளாகத் தைத்த தொப்பித் துவாலைகளின் பஞ்செல்லாம் அங்கே போய் அமுங்கிக் கிடந்திருக்கிறது. கீழ்நூல் சுற்றிய பாபின் இருக்கும் குழியை நான் வாரம் தவறாமல் தூரிகையால் துடைத்து வந்தேன். ஆனால் தட்டைக் கழற்றி அடியில் பார்க்க வேண்டும் என்று கையேட்டில் படம் போட்டு எழுதியிருந்ததை ஒருநாளும் செய்யவில்லை. பஞ்சு நிறைந்த பற்கள் தட்டுக்கு மேலே போதுமான அளவு எழும்பாது, எழும்பாவிட்டால் துணி நகராது. 120 ரிங்கிட் கொடுத்தேன். அதில் பாதியாவது என் சோம்பலுக்கான தண்டம்.

நான் கிளம்பும்போது அவர் இன்னொன்றையும் காட்டினார். இயந்திரத்தின் அடியில் ஒரு சிறு துளைக்குள் திருகு ஒன்று இருக்கிறது. காஜாவின் இரண்டு கால்களின் நெருக்கத்தைச் சமன்செய்வதற்கான திருகு அது. எட்டில் ஒரு பங்கு திருப்பினால் போதும், வித்தியாசம் தெரிகிறது. வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். பருத்திக்கு ஒரு நிலை, செயற்கைப் பட்டுக்கு ஒரு நிலை, லினனுக்கு ஒரு நிலை என்று திருகின் தலையில் வெள்ளை மையால் ஒரு புள்ளி வைத்து, கடிகார முள்ளைப்போல அது எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். நெஞ்சுப் பட்டியில் இப்போது காஜாக்கள் கடையில் பார்த்த முதல் காஜாவைப்போலவே வருகின்றன. அடியில் மெல்லிய தாளை வைத்து அடித்துவிட்டுக் கிழித்தெடுத்தால் இன்னும் சீராக இருக்கிறது. காலரில் மட்டும் அதே பழைய கதை. விளிம்புகளைப் படிப்படியாக நறுக்கி மெலிதாக்கிப் பார்த்தேன். தொங்கும் பாதிக்கு அடியில் அதே கனத்தில் துணியை மடித்து முட்டுக்கொடுத்துப் பார்த்தேன். ஐந்தில் மூன்று தேறுகிறது. ஐந்தில் மூன்று என்பது கத்தரிக்காய் வாங்கும் கணக்கு, தீபாவளி உடுப்புக்கு ஆகாது.

எங்கே கோளாறு என்று யோசித்தால், தானாகக் காஜா போடுவது என்ற வேலையையே இந்த வகை இயந்திரங்கள் தவறான உறுப்பிடம் ஒப்படைத்திருக்கின்றன என்று எனக்குத் தோன்றுகிறது. துணியை நகர்த்துவது பற்கள். பற்களுக்குத் தட்டையான துணி வேண்டும். 1950களில் நேர்த்தையல் மட்டுமே போடும் சிங்கர் இயந்திரங்களில் மாட்டிக்கொள்ள ஒரு காஜாக் கருவி விற்றார்கள். பிரிக்பீல்ட்ஸில் ஒரு முதிய தையற்காரர் அதை இன்றும் வைத்திருக்கிறார். அவர் முதலில் பற்களை ஒரு தகட்டால் மூடிவிடுகிறார். பிறகு அந்தக் கருவி துணியைக் கவ்விப் பிடித்து, தனக்குள் இருக்கும் உலோக அச்சின் வடிவத்துக்கு ஏற்பத் துணியை இடமும் வலமுமாக, முன்னும் பின்னுமாகத் தானே நகர்த்துகிறது. துணி மேடா பள்ளமா என்ற கேள்வியே அங்கே பெரிதாக எழுவதில்லை. தொழிற்சாலைகளில் காஜாவுக்கென்றே இருக்கும் இயந்திரங்களும் இப்படித்தான் துணியைக் கவ்வி நகர்த்துகின்றன. அவரிடம் அதை விலைக்குக் கேட்டேன். சிரித்துவிட்டுத் தேநீர் வாங்கிக் கொடுத்தார்.

ஆகவே என் இப்போதைய ஏற்பாடு இது: நெஞ்சுப் பட்டிக் காஜாவை வீட்டிலே போட்டுவிட்டு, காலர்களுக்காக ஜிப்பாக்களைப் பையில் அடுக்கிக்கொண்டு, செந்தூலில் எல்ஆர்டி ரயில் ஏறி மஸ்ஜிட் ஜாமேக்கில் இறங்கி, ஜாலான் மஸ்ஜிட் இந்தியாவுக்குப் பக்கத்தில் மாடியில் இருக்கும் ஒரு காஜாக் கடைக்குப் போகிறேன். துளைக்கு அறுபது காசு. தொழிற்சாலை இயந்திரத்தில் ஒரு காஜாவுக்குச் சில நொடிகள்தான் ஆகின்றன. ஆனால் புரட்டாசி பிறந்துவிட்டால் அங்கே மூன்று நாள் காத்திருக்க வேண்டும். அவசர உருப்படிகளுக்கு அம்மாவின் வழிதான்: துளையை முதலில் வெட்டி, ஓரத்தை நூலால் சுற்றி, ஒவ்வொரு குத்துக்கும் விளிம்பில் ஒரு முடிச்சு விழும்படி கையால் கட்டுவது. ஒன்றுக்கு இருபத்தைந்து நிமிடம் ஆகிறது, முடிந்த பிறகு இயந்திரக் காஜாவைவிட அது அழகாகவும் இருக்கிறது, அதுதான் எரிச்சலை இன்னும் கூட்டுகிறது. காலரில் பேசாமல் பிரஸ் பட்டன் வைத்துவிடேன் என்று வீட்டுக்காரர் யோசனை சொன்னார். அவருடைய ஜிப்பாவுக்கு அப்படியே வைத்துக் கொடுத்திருக்கிறேன்.

தங்கச்சி, நீ தலையணை உறையும் பாவாடையும் சேலைக்கு ஃபால்ஸும் தைப்பவள். காலர் வைத்த உடுப்பு நீ தைத்து நான் பார்த்ததில்லை. அந்தக் கணக்கில் பார்த்தால் 999 ரிங்கிட்டுக்கு இதைவிட நல்ல இயந்திரம் உனக்குக் கிடைப்பது சிரமம், என்னுடையது நாளைக்கே பழுதாகித் திருத்த முடியாமல் போனால் நானும் மறுபடி இதையேதான் வாங்குவேன் என்று நினைக்கிறேன். இருந்தாலும் நீ என்னைக் கேட்டது இன்றைக்கு. என் மேசையில் பதினொரு ஜிப்பாக்களில் ஏழு காலர் பாக்கி இருக்கிறது, காஜாக் கடையில் இனி உருப்படி எடுக்க மாட்டோம் என்று எழுதி ஒட்டிவிட்டார்கள், தீபாவளிக்கு இன்னும் பன்னிரண்டே நாள். வாங்காதே.