சென்டரா, யூடியூபா, வீட்டுப் பிள்ளையா? கம்ப்யூட்டர் அரிச்சுவடியை எங்கே கற்பது

எங்கள் வீட்டில் கடந்த இரண்டு வருடத்தில் மூன்று பேர் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டார்கள். மூன்று பேருக்கும் வாட்ஸ்அப் தலைகீழ்ப் பாடம், ஜிபே கைவந்த கலை. ஆனால் மவுசைத் தொட்டதில்லை. அண்ணி கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனார். கண்டக்டர் வேலையில் ஓய்வு பெற்ற சித்தப்பா யூடியூபைப் பார்த்துக் கற்றார். அத்தைக்கு நான் சொல்லிக் கொடுத்தேன். எது தேவலாம் என்று யாராவது கேட்டால் மூன்றையும் கிட்டத்தில் இருந்து பார்த்தவள் என்ற முறையில் எனக்குச் சொல்ல விஷயம் இருக்கிறது.

எதை வைத்து அளப்பது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எம்.எஸ். வேர்டில் எத்தனை மெனு தெரியும், ஒரு நிமிடத்தில் எத்தனை சொல் அடிக்க முடியும் என்பதெல்லாம் அப்புறம். நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "நேத்து சேவ் பண்ணின ஃபைல் எங்க இருக்கு?" போனில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வியே புதிது. போனில் போட்டோ கேலரியில் இருக்கும், பாட்டு பாட்டு ஆப்பில் இருக்கும். எது எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று போன் நம்மிடம் சொல்வதும் இல்லை, நாம் கேட்பதும் இல்லை. கம்ப்யூட்டரில் அந்தப் பொறுப்பு நம் தலையில். இது புரிந்துவிட்டால் மீதி எல்லாம் தானாக வரும். புரியாதவர் எக்செல் ஃபார்முலாவே போட்டாலும் மறுநாள் ஃபைலைத் தேடிக்கொண்டு நிற்பார்.

அண்ணியிடமிருந்து ஆரம்பிக்கிறேன். மூன்று மாத டி.சி.ஏ. கோர்ஸ் (கம்ப்யூட்டர் பயன்பாட்டு டிப்ளமோ), மாலை ஐந்திலிருந்து ஆறு. முதல் வாரம் முழுக்க நோட்ஸ். "இன்புட் டிவைஸ் என்றால் என்ன, ஐந்து உதாரணம் தருக." முதல் தலைமுறைக் கம்ப்யூட்டரில் வேக்குவம் டியூப், இரண்டாம் தலைமுறையில் டிரான்சிஸ்டர். இதை எழுதி முடித்தபோதும் அண்ணிக்கு மவுசைப் பிடிக்கத் தெரியாது. இரண்டாவது வாரம்தான் சிஸ்டத்தில் உட்கார வைத்தார்கள், அதுவும் இரண்டு பேருக்கு ஒன்று. பக்கத்தில் காலேஜ் பையன். மவுஸ் யார் கையில் இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அதைவிடப் பெரிய கோளாறு வேறு. அங்கே தினமும் சார் வந்து டி டிரைவில் (கம்ப்யூட்டரின் சேமிப்பிடத்தில் ஒரு பகுதி) அந்த பேட்ச்சின் ஃபோல்டரைத் திறந்து வைத்துவிடுவார். எல்லோரும் அதற்குள்ளேயே சேவ் செய்வார்கள். மூன்று மாதம் கழித்து அண்ணி மெயில் மெர்ஜ் (ஒரே கடிதத்தில் பெயரை மட்டும் மாற்றி மாற்றிப் போடும் வசதி) போட்டு நாற்பது பேருக்கு அழைப்பிதழ் தயார் செய்தார், எனக்கே வராத வேலை அது. ஆனால் வீட்டு லேப்டாப்பில் "டி டிரைவையே காணோமே" என்று திகைத்து நின்றார். இந்த லேப்டாப்பில் இருப்பது ஒரே சி டிரைவ்.

ஆனாலும் சென்டரை நான் தள்ளிவிட மாட்டேன். காரணம் பாடத்திட்டம் இல்லை, அந்த ஒரு மணி நேரம். அண்ணி வீட்டில் லேப்டாப்பைத் திறந்தால் அடுத்த நிமிடம் குக்கர் விசில் அடிக்கும், பையன் பென்சிலைக் காணோம் என்பான், மாமியார் காபி கேட்பார். ஃபீஸ் கட்டியாயிற்று என்பதால்தான் ஐந்து மணிக்கு அவரை யாரும் தடுக்கவில்லை. குடும்பப் பெண்களுக்கு சென்டர் விற்பது படிப்பைவிட நேரத்தை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அந்த விலைக்கு அது மலிவு.

அரசு வேலை குறிக்கோள் என்றால் கணக்கே வேறு. தமிழ்நாட்டில் டைப்பிஸ்ட் பணிக்குத் தொழில்நுட்பக் கல்வித் துறை நடத்தும் 'கம்ப்யூட்டர் ஆன் ஆபீஸ் ஆட்டோமேஷன்' சான்றிதழ் கேட்பார்கள், சுருக்கமாக சி.ஓ.ஏ. அதை எழுத டைப்ரைட்டிங்கில் லோயர் என்னும் கீழ்நிலைத் தேர்வு பாஸ் செய்திருக்க வேண்டும். ஆகவே முதலில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட், பிறகு சி.ஓ.ஏ. இங்கிலீஷ் லோயருக்கு நிமிடத்துக்கு 30 சொல், அடுத்த நிலையான ஹையருக்கு 45. தனியார் சென்டர் கையில் கொடுக்கும் வழுவழுப்பான டி.சி.ஏ. சர்ட்டிபிகேட் அந்த இடத்துக்கு ஈடாகாது. சேரும் முன்பே இதைக் கேட்டுத் தெளிந்துகொள்வது நல்லது, சென்டர்காரர்கள் தாமாகச் சொல்ல மாட்டார்கள்.

கிராமங்களில் கட்டணமில்லாமல் கற்றுத்தர மத்திய அரசு 2017இல் ஒரு டிஜிட்டல் எழுத்தறிவுத் திட்டம் கொண்டுவந்தது. வீட்டுக்கு ஒருவர், மொத்தம் 20 மணி நேரம். அது 2024 மார்ச்சோடு முடிந்துவிட்டது. "ஃப்ரீயா சொல்லித்தராங்களாமே" என்று இன்னமும் சிலர் விசாரிப்பதால் சொல்கிறேன்.

இனி சித்தப்பா. வலதுபக்கம் லேப்டாப், இடதுபக்கம் சொம்பில் சாய்த்து வைத்த போன், அதில் யூடியூப். புரியாவிட்டால் பின்னால் தள்ளி மறுபடி பார்க்கலாம், பத்துத் தடவை கேட்டாலும் வீடியோக்காரர் சலித்துக்கொள்ள மாட்டார். அறுபது வயதில் இருபது வயதுப் பையன் முன்னால் தடுமாறும் கூச்சம் கிடையாது. தமிழிலேயே ஆயிரக்கணக்கில் வீடியோ இருக்கிறது, செலவு டேட்டா மட்டும்.

சிக்கல் எங்கே வந்தது என்றால், வீடியோவில் இருந்தது விண்டோஸின் பழைய பதிப்பான 10, சித்தப்பாவிடம் இருப்பது புதிய 11. "இடது மூலையில ஸ்டார்ட் பட்டன் இருக்கும் பாருங்க" என்றார் வீடியோக்காரர். 11இல் அதை நடுவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். தன் லேப்டாப்பில் ஸ்டார்ட் பட்டனே இல்லை, கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று இரண்டு நாள் புலம்பினார் சித்தப்பா.

இன்னொரு கூத்து. டபுள் கிளிக் செய்தால் ஃபைல் திறக்கும் என்று கற்றுக்கொண்டார். ஆனால் அவருடைய இரண்டு கிளிக்குக்கும் இடையில் ஒரு டிக்கெட் கிழித்துவிடலாம், அவ்வளவு நிதானம். ஃபைலின் பெயர் மீது அப்படி மெதுவாக இரண்டு முறை தட்டினால் விண்டோஸ் "பெயரை மாற்றப் போகிறீர்கள் போல" என்று எடுத்துக்கொள்ளும். பெயர் நீலமாகும். அந்த நேரம் கை எந்தக் கட்டை மீது பட்டாலும் பழைய பெயர் போய் அந்த எழுத்து வந்து உட்காரும். அவருடைய பென்ஷன் ஆர்டர் ஒரு வாரம் "ஜேஜே" என்ற பெயரில் கிடந்தது. கண்டுபிடித்தவள் நான். வீடியோவால் அதைக் கண்டுபிடித்திருக்க முடியாது, ஏனென்றால் வீடியோ அவர் விரலைப் பார்க்கவில்லை. அவருக்கும் என்னவென்று தேடுவது? தேட வேண்டுமானால் நடந்த தவறுக்குப் பெயர் தெரிந்திருக்க வேண்டும். பெயர் தெரிந்தவர் பாதி கற்றவர்.

"கம்ப்யூட்டர் ராக்கெட் வேகத்தில் ஓட இதை இன்ஸ்டால் பண்ணுங்க" ரக வீடியோக்களைப் பற்றி அதிகம் பேசப் போவதில்லை. அவரும் ஒன்றைப் போட்டார். பிறகு நாள் முழுக்க விளம்பரம்தான் ராக்கெட் வேகத்தில் வந்தது.

அத்தை கதைதான் எனக்குப் பிடித்தது, நான் சொல்லிக் கொடுத்தது என்பதால் மட்டும் இல்லை. மகளிர் குழுக் கணக்கை எக்செல்லில் போட வேண்டும் என்பது அவர் தேவை. முதலில் என் தம்பிதான் ஆரம்பித்தான். வீட்டுப் பிள்ளைகளின் பாணி தெரியுமே: "ஐயோ அத்தை, அங்க இல்ல, தள்ளு நான் பண்றேன்." டக் டக்கென்று நான்கு கிளிக், வேலை முடிந்தது, அத்தைக்கு ஒன்றும் தங்கவில்லை. மூன்று வழிகளிலும் படு மோசமானது இதுதான். அதையே சற்று மாற்றினால் மிகச் சிறந்ததும் இதுதான். மாற்றம் ஒன்றே ஒன்று: சொல்லிக் கொடுப்பவர் மவுசைத் தொடக் கூடாது. நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது, பொய் சொல்லவில்லை.

முதல் நான்கு நாள் சீட்டாட்டம் மட்டும். சாலிடேர் என்ற அந்தக் கம்ப்யூட்டர் சீட்டாட்டம் 1990இல் விண்டோஸ் 3.0உடன் வந்தது. பிடித்து இழுத்து விடும் பழக்கம் ஜனங்களுக்குக் கைவரட்டும் என்பதும் அதைச் சேர்த்ததற்கு ஒரு காரணம் என்பார்கள். அத்தை ரம்மியில் கெட்டிக்காரர். இரண்டாம் நாளே சீட்டு கீழே விழாமல் போய்ச் சேர்ந்தது. அப்புறம் ஃபோல்டர். "மஞ்சளா இருக்கே, அது என்ன டப்பாவா?" என்று அவரே கேட்டார். ஆமாம், பெயர் ஒட்டிய டப்பா, டப்பாவுக்குள் டப்பா வைக்கலாம் என்றேன். மளிகை அலமாரியை முப்பது வருடம் ஆண்டவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. நோட்டில் அவர் சொந்த மொழியில் எழுதிக்கொண்டார்: "குழு டப்பா – அதில் வருஷ டப்பா – அதில் மாசக் கணக்கு." என் கேள்விக்கு மூன்று பேரில் முதலில் பதில் சொன்னவர் அத்தைதான், ஒன்பதாவது நாள்.

தமிழில் அடிப்பதிலும் ஒரு ஒப்பீடு வந்தது. போனில் தங்கிலீஷ் அடித்துப் பழகிய அண்ணிக்கு போனடிக் முறை, அதாவது தமிழ் ஒலியை இங்கிலீஷ் எழுத்தில் அடிப்பது, உடனே வந்தது. ஏஎம்எம்ஏஏ என ஐந்து கட்டை தட்டினால் அம்மா. ஆனால் ந, ன, ண மூன்றுக்கும் ல, ள, ழ மூன்றுக்கும் எது எந்தக் கட்டை என்று ஒவ்வொரு முறையும் யோசிக்க வேண்டும். 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தரப்படுத்தப்பட்ட தமிழ்99 என்னும் விசைப்பலகை முறையில் உயிர் இடதுகைக்கு, மெய் வலதுகைக்கு. அ, ம, ம, ஆ என்று நான்கே தட்டு, நடுவில் புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். இங்கிலீஷ் எழுத்தே கண்ணில் ஓடாத அத்தைக்கு இரண்டு வாரத்தில் தமிழ்99 படிந்துவிட்டது. அண்ணி இன்னும் போனடிக்தான். இதில் நான் சண்டை போடுவதில்லை.

என்னைக் கேட்டால் முதல் பத்து நாள் கை கட்டி உட்காரக்கூடிய ஒருவர் பக்கத்தில் வேண்டும். அதற்குப் பிறகு யூடியூப் தாராளம், அப்போது எதைத் தேடுவது என்று தெரிந்திருக்கும். சென்டருக்குப் போவது சான்றிதழ் வேண்டும் என்பவர்களும் வீட்டில் ஒரு மணி நேரம் கிடைக்காதவர்களும். பொறுமை இல்லாத பிள்ளை இருக்கும் வீடு என்றால் சென்டரே மேல், அங்கே பக்கத்து ஆள் மவுசைப் பிடுங்கினாலும் ஃபீஸ் கட்டிய உரிமையில் சண்டை போடலாம்.

போன வாரம் அத்தையிடமிருந்து போன். "கரண்ட் பில்லு பார்க்கிற பக்கத்துல திடீர்னு எழுத்தெல்லாம் தர்பூசணி மாதிரி ஆயிடுச்சுடி. நான் ஒண்ணுமே பண்ணல." கன்ட்ரோல் கட்டை மீது விரல் இருக்க, மவுஸ் சக்கரம் உருண்டிருக்கும். கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு பூஜ்யத்தைத் தட்டுங்கள் என்றேன். சரியாயிற்று. "இரு, வச்சிடாத, எழுதிக்கிறேன்" என்றார். பேனா கிடைக்க மூன்று நிமிடம் ஆயிற்று.