குழந்தைகளின் இயல்பான முகங்களுக்கு ஏற்ற லென்ஸ்: கேனான் 50 மி.மீ. எஃப்/1.8 எஸ்டிஎம்

பொது இடங்களில் விளையாடும் குழந்தைகளை, கேமராவுக்காக அவர்கள் முகத்தை மாற்றிக்கொள்ளாத நேரத்தில் படமெடுக்க விரும்புகிறவர், கடையில் முதலில் கேட்பது பெரும்பாலும் எவ்வளவு தொலைவிலிருந்து எடுக்கலாம் என்பதைத்தான். கடைக்காரரும் அதற்கேற்றபடி நீளமான ஜூம் லென்ஸ் ஒன்றை எடுத்து வைப்பார். மெரினாவிலும் பெசன்ட் நகர் கடற்கரையிலும் மயிலாப்பூர் மாட வீதிகளிலும் இருவகை லென்ஸ்களையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்திய எனக்குக் கேனானின் இஎஃப் 50 மி.மீ. எஃப்/1.8 எஸ்டிஎம் லென்ஸே இந்த வேலைக்குப் பொருத்தமானதாகத் தெரிகிறது. தொலைவிலிருந்து எடுக்க அது இடம் தராது. அதன் முதல் தகுதியாக நான் கருதுவதும் அதையே.

இதைக் கணக்காகவே சொல்லலாம். என்னிடம் இருப்பது கேனானின் இஓஎஸ் 200டி மார்க் 2 கேமரா. ஒளியைப் பதிவுசெய்யும் அதன் சிறிய சென்சாரில் 50 மி.மீ. லென்ஸ், பெரிய சென்சார் கொண்ட ஃபுல் ஃபிரேம் கேமராவில் 80 மி.மீ. லென்ஸ் தரும் பார்வைக் கோணத்தைத் தருகிறது. கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து இரண்டு மீட்டர் தூரத்தில் நின்றால், சட்டகத்துக்குள் ஏறத்தாழ 90 செ.மீ. உயரம் அடங்கும், அதாவது ஆறு வயதுப் பிள்ளை தலையிலிருந்து முழங்கால் வரை தெரியும். இதே சட்டகத்தை 55-250 மி.மீ. ஜூம் லென்ஸின் கடைசி முனையான 250 மி.மீ.-இல் பெறுவதற்குப் பத்து மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். பத்து மீட்டருக்கு அப்பாலிருந்து முன்பின் தெரியாத ஒருவர் தம் பிள்ளையை நோக்கி லென்ஸை நீட்டிக்கொண்டிருந்தால் எந்தத் தாய்க்கும் சந்தேகம் வரும், வருவதுதான் நியாயம். இரண்டு மீட்டரிலோ அப்படி ஒளிந்துகொள்ள வழியில்லை. வாயைத் திறந்து, தான் யார், எதற்காக எடுக்கிறோம் என்று சொல்லியே ஆக வேண்டும்.

அனுமதி கேட்டுவிட்டால் இயல்புத்தன்மை போய்விடும் என்று பலர் வாதிடுவார்கள். முதல் ஐந்து நிமிடங்களுக்கு அது உண்மைதான். பிள்ளை இரண்டு விரலை நீட்டிக் காட்டும், பல்லைக் காட்டும், பக்கத்திலிருக்கும் தம்பியையும் இழுத்து வைத்துக்கொள்ளும். அந்தப் படங்களையும் எடுத்துத் திரையில் காட்டிவிட்டு, கேமராவை இறக்கி வைத்துப் பெரியவர்களோடு பேசிக்கொண்டிருந்தால், மணல் வீடு மறுபடியும் அதன் கவனத்தை இழுத்துக்கொள்ளும். நமக்கு வேண்டிய முகம் அதற்குப் பிறகுதான் வருகிறது. பெசன்ட் நகரில் ஒரு பாட்டி, "எடுங்க தம்பி, ஆனா எங்களுக்கும் வாட்ஸ்அப்புல அனுப்பிடுங்க" என்றார். பேத்தியோ எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், நாக்கை ஒரு பக்கம் துருத்திக்கொண்டு, ஈர மணலை ஐஸ்கிரீம் கப்பில் அடைத்துக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். கப்பைத் தூக்கும்போது மணல் உடைந்ததும் அவள் புருவம் நெரிந்ததே, அதை ஒளிந்திருந்து எடுத்திருந்தாலும் இதைவிட இயல்பாக எடுத்திருக்க முடியாது. வேண்டாம் என்று சொல்பவர்களும் உண்டு. அங்கே விளக்கம் கேட்காமல் நகர்ந்துவிடுவதே மரியாதை. கடற்கரையில் சுண்டல் தூக்கி விற்கும் சிறுவர்களை நான் எடுப்பதில்லை. அனுமதி கேட்கப் பெற்றோர் அருகில் இல்லை. அவர்கள் விளையாடவும் இல்லை.

லென்ஸின் எடை 160 கிராம். பார்த்தாலே மிரளவைக்கும் உருவம் இதற்கு இல்லாததால், குழந்தைகள் விரைவில் இதைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடுகிறார்கள். 200டி-யின் திரையை வெளியே திருப்பி, கேமராவை இடுப்பளவில் பிடித்துக் குனிந்து பார்த்தால், லென்ஸ் குழந்தையின் கண் மட்டத்துக்கு வந்துவிடும். நின்றபடி மேலிருந்து எடுத்தால் உச்சந்தலையும் தரையும்தான் படத்தை நிறைக்கும். திரையைப் பார்த்தபடி எடுக்கும் லைவ் வியூவில் கண்ணைத் தேடிப் பிடிக்கும் ஃபோகஸ் வசதியும் இந்தக் கேமராவில் இருக்கிறது. அசையாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அதை நம்பலாம்.

லென்ஸின் ஒளித் திறப்பைக் குறிப்பது எஃப் எண்; எண் சிறிதானால் திறப்பு பெரிது. எஃப்/1.8 என்ற எண்ணைப் பார்த்து மயங்கி எப்போதும் அதிலேயே வைத்து எடுப்பதுதான் புதிதாக வாங்குகிறவர்கள் செய்வது. இரண்டு மீட்டரில் எஃப்/1.8 தரும் தெளிவின் ஆழம், அதாவது படத்தில் முன்னும் பின்னுமாகத் தெளிவாக விழும் தூரம், சுமார் 11 செ.மீ. மட்டுமே, இன்னும் நெருங்கி 1.2 மீட்டருக்குப் போனால் அது நான்கு செ.மீ. ஆகச் சுருங்குகிறது. ஓயாமல் ஆடிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு இது போதவே போதாது: காது தெளிவாகவும் கண் மங்கலாகவும் விழுந்த படங்கள் குவியும். எஃப்/2.8-இல் இரண்டு மீட்டருக்கு 17 செ.மீ. கிடைக்கிறது. பின்னால் இருக்கும் பஜ்ஜிக் கடையின் மஞ்சள் விளக்குகள் அப்போதும் மென்மையாகக் கரைந்துதான் போகின்றன. ஏழு இதழ்கள் கொண்ட அபெர்ச்சர் (ஒளித் திறப்பு) என்பதால் விளக்குப் புள்ளிகள் ஓரளவு வட்டமாகவே விழுகின்றன. ஐந்து இதழ்கள் மட்டுமே கொண்டிருந்த 1990-ஆம் ஆண்டின் பழைய மாடலில் அவை ஐங்கோணமாக விழும்.

வெளிச்சத்தைப் பொறுத்தவரை சென்னைக் கடற்கரைக்கு ஒரு குணம் உண்டு. கடல் கிழக்கே இருப்பதால், காலையில் அலையில் நிற்கும் குழந்தையைக் கரையிலிருந்து எடுத்தால் சூரியன் நேரே லென்ஸுக்குள் விழுந்து படம் வெளுத்துப்போகும். மாலையில் காமராசர் சாலைக் கட்டடங்களுக்குப் பின்னால் சூரியன் இறங்கிய பிறகு, மணல்வெளி முழுவதும் நிழலாகி, கடலுக்கு மேலுள்ள வானம் ஒரு பெரிய வெள்ளைத் திரையாக ஒளி தரும். கடலைப் பார்த்து நிற்கும் பிள்ளையின் முகத்தில் அப்போது கடினமான நிழல் எதுவும் விழாது. அந்த நேரத்தில் எஃப்/2.8, நொடியில் 500-இல் ஒரு பங்கு ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்திறன்; கூடினால் படத்தில் புள்ளிகள் கூடும்) 800 என்ற அளவிலேயே சமாளித்துவிடலாம். எஃப்/5.6-க்கு மேல் திறக்காத ஜூம் முனையில் இதே படத்துக்கு ஐஎஸ்ஓ 3200 தேவைப்படும்.

குறைகளும் சில உண்டு. ஃபோகஸ் செய்யும்போது முன்பகுதி வெளியே நீண்டு உள்ளே போகிறது. தூசிக்கும் ஈரத்துக்கும் எதிரான காப்பு எதுவும் இல்லை. கடற்கரை மணலுக்கு இது நல்ல சேர்க்கை அல்ல, ஆகவே காற்று பலமாக வீசும் நாளில் இதை வெளியே எடுக்காமல் இருப்பதே நல்லது. ஃபோகஸை நகர்த்தும் எஸ்டிஎம் மோட்டாரின் மெல்லிய ஓசை அமைதியான இடத்தில் கேட்கும். மாட வீதியில் மேளச் சத்தத்துக்கு நடுவே யாருக்குக் கேட்கப்போகிறது! அதைவிட முக்கியமான குறை வேகம். நம்மை நோக்கி ஓடிவரும் பிள்ளையை இந்த மோட்டார் தொடர்ந்து பிடிப்பது கடினம். துரத்திக்கொண்டிருப்பதைவிட, ஊஞ்சல் முன்னே வந்து நொடி நேரம் நின்று திரும்பும் இடத்துக்கோ, சறுக்கு மரத்தின் அடி முனைக்கோ முன்கூட்டியே ஃபோகஸை வைத்துக் காத்திருப்பது பலன் தருகிறது.

வெளியிடும் விஷயத்திலும் லென்ஸ் கொஞ்சம் உதவி செய்கிறது: பின்னாலுள்ள தெருப்பலகை, கடைப் பெயர், வண்டி எண் எல்லாம் மங்கலில் மறைந்துவிடும். ஆனால் முகத்துக்குச் சற்றுக் கீழே தொங்கும் பள்ளி அடையாள அட்டை அந்த 17 செ.மீ.-க்குள்தான் இருக்கும். 24 மெகாபிக்சல் படத்தைப் பெரிதாக்கினால் பள்ளியின் பெயரும் பெற்றோரின் தொலைபேசி எண்ணும் அட்சரம் பிசகாமல் படிக்க முடிகிறது. பள்ளி விடும் நேரத்தில் எடுப்பவர்கள் சட்டகத்தைத் தோளோடு வெட்டிக்கொள்ள வேண்டும். எடுப்பதற்குக் கிடைத்த அனுமதி இணையத்தில் போடுவதற்கான அனுமதி ஆகாது. அதைத் தனியாகக் கேட்க வேண்டும். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயது நிறையாதவரைக் குழந்தையாகவே கொண்டு, அவர்களுடைய தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலை வலியுறுத்துகிறது. சொந்த, குடும்பப் பயன்பாட்டுக்கு அதில் விலக்கு உண்டு என்றாலும், பெற்றோரிடம் கேட்டுவிட எத்தனை நேரம் ஆகும்?

விலை பத்தாயிரம் ரூபாயை ஒட்டி இருக்கிறது. லென்ஸ் முனையில் மாட்டும் இஎஸ்-68 என்ற ஹூட் (வெயில் மறைப்பு) பெட்டிக்குள் வராது; பக்கவாட்டு வெயிலுக்கும், முன்கண்ணாடியில் பதிய வரும் குட்டி விரல்களுக்கும் அது அவசியம் என்பதால் சேர்த்தே வாங்குங்கள். பழைய லென்ஸ் வாங்குவதானால் செல்போன் டார்ச்சை ஒரு முனையில் அடித்து மறுமுனையில் பாருங்கள்; நம் ஊர் ஈரக்காற்றில் பூஞ்சை எளிதாகப் பிடித்துவிடும். ஃபுல் ஃபிரேம் கேமரா வைத்திருப்பவர்களுக்கு இந்த 50 சற்று அகலமாகத் தெரியும். அவர்கள் கேனானின் 85 மி.மீ. எஃப்/1.8 லென்ஸைப் பார்க்கலாம். அது 425 கிராம் எடை, 85 செ.மீ.-க்கு உள்ளே ஃபோகஸ் ஆகாது, ஆனால் அதன் மோட்டார் ஓடுகிற பிள்ளைக்கு ஈடுகொடுக்கும்.